வந்து போகிறவர்களின் மேடை

பழைய உளவுத் தொடர்களில் நாயகன் மாறவே மாட்டான். இந்த வாரம் குண்டடி பட்டாலும் அடுத்த வாரம் அதே கோட்டு, அதே புன்னகை. மாறுகிறவர் வாரம் ஒருவராகக் கௌரவ வேடத்தில் வந்து போகிற நடிகர்தான். ஓர் அத்தியாயம் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் அவர் கையில்.

1960களில் இதற்குப் பல பாணிகள் இருந்தன. ‘ஐ ஸ்பை’ (1965–68) ஹாங்காங், ஸ்பெயின் என்று நேரிலேயே போய்ப் படம்பிடித்தது. தெரு நிஜமாக இருக்கும்போது வில்லன் அட்டையாக இருக்க முடியாது. ‘தி லூசர்’ அத்தியாயத்தில் போதைக்கு அடிமையான பாடகியாக எர்த்தா கிட் வந்தது அந்தப் பாணியின் உச்சம். பிரிட்டனின் ‘தி அவெஞ்சர்ஸ்’ நேர் எதிர். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கிறுக்கர்கள், அதையும் நல்ல வளர்ப்போடு செய்வார்கள். ‘மிஷன்: இம்பாஸிபிள்’ (1966–73) ஏமாற்று வேலையின் பள்ளி. வந்தவருக்கு அதில் ஏமாறுவதுதான் பாத்திரம், பாவம்.

முழுக் கேலிக்கென்றே பிறந்தது ‘கெட் ஸ்மார்ட்’. 1965 செப்டம்பரில் ஒளிபரப்பான அதன் முதல் அத்தியாயத்தில் எதிரிக் கூட்டத்தின் தலைவர் பெயர் மிஸ்டர் பிக். நடித்தவர் மைக்கேல் டன். நான்கடியைத் தொடாத உயரம். பெயருக்கும் ஆளுக்கும் உள்ள பொருத்தமின்மைதான் மொத்த நகைச்சுவையும். டன் மிடுக்காகவே செய்கிறார். ஆனால் எழுத்து அவருக்கு அந்த ஒரு சிரிப்பைத் தாண்டி எதையும் தரவில்லை.

அதே நடிகர், அடுத்த மாதமே, ‘தி வைல்ட் வைல்ட் வெஸ்ட்’ தொடரில் வருகிறார். அதிபர் கிராண்ட் காலத்து அமெரிக்கா, தனி ரயிலில் திரியும் இரண்டு ரகசிய ஏஜெண்டுகள், நம்பவே முடியாத கருவிகள். இதில் டன்னுக்குக் கிடைத்தது டாக்டர் மிகலிட்டோ லவ்லெஸ். எழுதியவர் சமோவாவில் பிறந்த ஜான் நூபுல். கலிபோர்னியாவில் பெரும் பரப்பு தன் குடும்பச் சொத்து, பறித்துக்கொண்டார்கள் என்பது லவ்லெஸின் வழக்கு. வழக்கு என்று ஒன்று இருப்பதால் அவர் உயரம் பின்னுக்குப் போய்விடுகிறது. இனிமையாகப் பேசிக்கொண்டே வந்து சட்டென்று வெடிக்கும் அந்தக் கோபத்தில் டன் கண்ணடிப்பதே இல்லை. இந்த மாதிரித் தொடர்களில் என்னுடைய உரைகல் இதுதான்: கதை எவ்வளவு அபத்தமோ, நடிகர் அவ்வளவு நம்பியாக வேண்டும். நாமும் சிரிக்கிறோம், அவரும் சிரிக்கிறார் என்றால் அத்தியாயம் அங்கேயே சரிந்துவிடும்.

இன்னொன்று பாட்டு. டன்னும் ஃபீபி டோரினும் நிஜத்திலும் இரவு விடுதிகளில் சேர்ந்து பாடியவர்கள். டோரின் லவ்லெஸின் துணைவி அன்டோனெட்டாக வர, சதிக்கு நடுவே இருவரும் ஓர் இணைப்பாட்டுப் பாடுவார்கள். கதை நின்றுவிடும், யாருக்கும் அவசரம் இருக்காது. நாயகனைக் கொல்வதைத் தவிர வில்லனுக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு என்பதை வசனமில்லாமல் அந்தப் பாட்டு காட்டிவிடும்.

பிறகு ஏஜெண்டைச் சில அங்குலமாகச் சுருக்கும் மருந்து, ஓவியத்துக்குள் நுழையும் வித்தை என்று கருவிகள் பெருகின. இரண்டாவது பருவத்தில் சில இடங்களில் நடிகரை விடக் கருவி அதிகம் பேசுகிறது. ஆனாலும் லவ்லெஸ் மொத்தம் பத்து முறை வந்தார். அத்தொடரின் வேறெந்த வில்லனுக்கும் அந்த வரவேற்பு இல்லை. எம்மி விருது என்னவோ, அதே தொடரில் ஒரே ஒரு முறை வந்த ஆக்னஸ் மூர்ஹெட்டுக்குத்தான், 1967இல். அதுவும் தகுதியானதே.

டன் 1973இல் லண்டனில் காலமானார், 38 வயதில். 1979இல் தொலைக்காட்சிப் படம் ஒன்று லவ்லெஸின் மகனைக் கொண்டுவந்தது. 1999 திரைப்படத்திலோ கென்னத் பிரானாவின் லவ்லெஸுக்குக் கால்கள் இல்லை. பதிலுக்கு ராட்சத எந்திரச் சிலந்தி ஒன்றைக் கொடுத்தார்கள். படம் பார்த்தவர்களைக் கேட்டால் சிலந்தியைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.