தகரப் பெட்டியும் சாமைக் காடும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போய்க் கோமுகி அணையைத் தாண்டினால் மலைச்சாலை. மேலே வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு என்று கல்வராயன் மலைக்குள்ளேயே ஓடும் பேருந்துகளில் ஜூன் மாதம் ஏறுகிறவர்கள் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். வழியெல்லாம் தகரப் பெட்டிகள். கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் விடுதிக்குத் திரும்புகிறார்கள்.

அந்தப் பெட்டிகளை ரசிக்கத் தெரிய வேண்டும். மூடியில் பெயின்ட்டால் எழுதிய பெயர். அதன் அடியில், சுரண்டியும் முழுக்க அழியாத இன்னொரு பெயர். அக்காளுடைய பெட்டி தங்கைக்கு வந்திருக்கிறது. வகுப்பு எண்ணை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை திருத்திக்கொள்வார்கள். சாவி கழுத்துக் கயிற்றில். உள்ளே சீருடை, சோப்பு டப்பா, தேங்காய் எண்ணெய், ஒரு மூலையில் துணியில் முடிந்த புளி. அது குழம்புக்கு இல்லை, பாடம் நடக்கும்போது வாத்தியார் கண்ணில் படாமல் சப்புவதற்கு.

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்று பலகையில் எழுதியிருக்கும். மலையில் அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை. ‘ஆஸ்டல்’ என்றால் போதும். இப்படியொரு பள்ளி இங்கே ஏன் வேண்டும் என்பதற்கு மலையின் அமைப்பே காரணம். ஊர் என்று சொல்வது பல இடங்களில் கொஞ்சம் வீடுகள்தான். அடுத்த ஊருக்கு நடுவே ஓர் ஓடை, ஒரு காடு, ஓர் ஏற்றம். ஐப்பசி மழையில் ஓடை நிறைந்துவிட்டால் ஆறு வயதுப் பிள்ளை அக்கரைக்குப் போக முடியாது. ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால் அங்கேயே தங்க விடுவது என்று ஆயிற்று.

வரலாறும் சேர்ந்துகொண்டது. நாடு 1947இல் விடுதலை பெற்றாலும் கல்வராயன் மலையில் நிலமும் வரியும் ஜாகிர்தார்கள் கையில் இருந்த முறை 1976 வரை நீடித்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்கள். இன்று ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையின் தாத்தா அந்த ஆட்சியில் பிறந்தவராக இருப்பார். இங்கே மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டுவது ஒரு நாட்டின் தாமதத்தைப் புரட்டுவதுதான்.

விடுதியின் காலை நேரம் எனக்குப் பிடித்த பகுதி. முதல் வகுப்பிலிருந்தே தங்கிப் படிக்கும் பள்ளிகளில் ஆறு வயதுச் சிறுமிக்குத் தலை வாரிவிட அம்மா இல்லை. எட்டாம் வகுப்பு அக்கா இருக்கிறாள். அவள் தலையை ஒன்பதாம் வகுப்பு அக்கா வாருவாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. படிக்கட்டில் ஏறுவரிசையில் உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிடும் வேலை, மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும். வார்டன் இதற்கு அட்டவணை எதுவும் போடுவதில்லை. இடம் போதாத பள்ளிகளில் வகுப்பறையே இரவில் படுக்கையறை. காலையில் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நேற்றிரவு தலை வைத்த இடத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இதை நயம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது; இடம் இல்லாமை இடம் இல்லாமைதான். ஆனாலும் பாய் சுருட்டுவதில் அவர்கள் காட்டும் நேர்த்தியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மலையில் தங்கிப் படிப்பது வேறிடத்தில் வேறு மாதிரி இருந்திருக்கிறது. பண்ணையோடு சேர்ந்த உறைவிடப் பள்ளி என்றதும் எனக்கு அமெரிக்காவின் மேற்குப் பகுதி நினைவுக்கு வரும். நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் மேட்டு நிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல், ஆஷ்லி பாண்ட் என்பவர் 1917இல் அப்படியொன்றைத் தொடங்கினார். சிறுவயதில் நோஞ்சானாக இருந்தவர். பணக்கார வீட்டுப் பையன்களை வெயிலும் குளிரும்தான் தேற்றும் என்று நம்பினார். சேர்ந்த ஒவ்வொரு பையனுக்கும் ஒரு குதிரை. பனிக்காலத்திலும் அரைக்கால் சட்டைதான். படுப்பது கணப்பு இல்லாத திண்ணையில். வயதைப் பார்க்காமல் உடல் வளர்ச்சியைப் பார்த்துப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். குழுக்களுக்கு மலையில் வளரும் பின்யான், ஜூனிப்பர், ஃபர், ஸ்ப்ரூஸ் மரங்களின் பெயர்கள். முதல் இரண்டும் கீழ்ச்சரிவில் வளர்பவை, பின்னவை உயரத்தில். பையன் வளர வளர மலையில் மேலே ஏறுகிறான். பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு.

1928இல் அங்கே கட்டிய ஃபுல்லர் லாட்ஜ் என்ற கூடத்துக்கு 771 பைன் மரத்தடிகள். கட்டடக் கலைஞர் ஜான் கா மீமும் பள்ளி இயக்குநர் கானலும் காட்டுக்குள் போய் மரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றைப் படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தியதால், உள்ளே நிற்பவருக்கு இன்னும் காட்டிலேயே நிற்கும் உணர்வு வரும். ஆண்டுக் கட்டணம் 2,400 டாலர். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. 1942 டிசம்பரில் போர்த்துறையின் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளியை மூடி, அதே இடத்தில் அணுகுண்டு ஆய்வைத் தொடங்கினார்கள்.

அங்கே பணம் கட்டி வாங்கிய பாடங்கள் நம் மலைப்பிள்ளைக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிடுகின்றன. குளிரைப் பழக்க இவர்களுக்குத் திண்ணை வேண்டாம். மார்கழியில் வெள்ளிமலைக் காற்று அதைச் செய்துவிடும். நம் அரசு மலைப்பகுதி மாணவர்களுக்குக் கம்பளிச் சட்டை தருகிறது. இரண்டில் எது நல்ல கல்வி என்று கேட்டால் நான் கம்பளிச் சட்டையின் பக்கம். குதிரைக்குப் பதில் இங்கே மாடு. பட்டியில் மாடு அடையும் நேரத்தில் எண்ணாமலே எது வரவில்லை என்று சொல்லும் பையனுக்கு, வகுப்பில் கழித்தல் கணக்கு வராது என்று குறிப்பு எழுதுகிறோம்.

நிலத்திலும் அவர்களுக்கு நுட்பமான அறிவு உண்டு. ஏர் ஓடும் சமநிலம் உழவுக்காடு. ஏர் ஏறாத சரிவில் கையால் கொத்தி விதைப்பது கொத்துக்காடு. எந்தச் சரிவில் சாமை நிற்கும், எங்கே மரவள்ளிதான் சரி என்பதைப் பத்து வயதுப் பிள்ளை சொல்லும். ஆனி, ஆடியில் விதைத்த சாமை அறுப்புக்கு வருவதற்குள் பள்ளியில் காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கும். அறுப்பு, கடுக்காய் பொறுக்குதல், பொங்கல் எருதாட்டம் இவற்றையொட்டி வருகைப் பதிவேட்டில் விழும் வெற்றிடங்களை மட்டும் வைத்தே மலையின் விவசாய நாட்காட்டியை எழுதிவிடலாம்.

இந்த நாட்காட்டி இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. குடகுக்கும் கேரளத்துக்கும் காப்பி, மிளகு பறிக்கப் பெற்றோர் போய்விடுகிற மாதங்களில் வீட்டில் பாட்டி மட்டும். சில வீடுகளில் பூட்டு. அப்போது பிள்ளைக்கு வீடு விடுதிதான். ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது அம்மா வந்தால், அவள் கொண்டுவந்த பொரியில் அறை முழுக்கப் பங்கு கேட்கும். கேட்கிறவர்களில் யாருடைய அம்மா எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள் என்பதைப் பொரி கொடுக்கிறவள் அறிவாள். கேட்காமலே ஒரு கை கூடுதலாகப் போடுவாள்.

வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் இருக்கிறது. 1997-98இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம்; ஆறு முதல் பன்னிரண்டு வரை 480 பேர், பெண்ணும் ஆணும் பாதிப்பாதி. கட்டைவிரலைப் பறிகொடுத்தவன் பெயரைப் பள்ளிக்கு வைத்தவர்கள் அதை எந்தப் பொருளில் வைத்தார்களோ! இதே மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில் கருமந்துறை உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர் 2025இல் சென்னை ஐஐடிக்குத் தேர்வானார். செய்தித்தாள்கள் கொண்டாடியது சரி. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: அவருக்குத் தலை பின்னிவிட்ட அக்காள்கள் எத்தனை பேரோ.

லாஸ் அலமோஸ் போல மரப்பெயர் வைக்க நமக்கும் ஆசை வரலாம். அடிவாரத்திலிருந்து தொடங்கி வேம்பு, புளி, கடுக்காய், பலா என்று நான்கு அணிகள். விளையாட்டு விழாவில் கடுக்காய் அணி தோற்றால் கிண்டலுக்குப் பஞ்சமிருக்காது. அதைவிட எளிய ஆசை ஒன்றும் உண்டு. இந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் விளைவித்த சாமை சென்னைக் கடைகளில் அழகான பையில் நல்ல விலைக்குப் போகிறது. விடுதித் தட்டில் விழுவது அநேகமாக அரிசிச் சோறும் சாம்பாரும். வாரம் ஒரு நாள் சாமைச் சோறு போடலாம். குத்திப் புடைக்கத் தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டாம். மாலையில் விளையாட்டு மைதானத்தில் குரல் கொடுத்தால் பாதிப் பேர் வந்து நிற்பார்கள்.