அன்னாளின் பதில்

கவலைப்படுவது விசுவாசக் குறைவு என்பது நம் சபைகளில் பெண்களிடம்தான் அதிகம் சொல்லப்படுகிறது. பெண்கள் ஐக்கியத்தில், உபவாச ஜெபத்தில், அடுக்களைச் சுவரில் தொங்கும் வசனக் காலண்டரில். பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில் கவலை வேண்டாம் என்ற பவுல், வேண்டியதைக் கடவுளிடம் சொல்லுங்கள் என்றும் அதே மூச்சில் எழுதினார். முதல் பாதி கட்டளையாகிவிட்டது. பின்பாதி காதில் விழுவதில்லை.

அங்கே அவர் விலக்கும் கிரேக்க வினை 'மெரிம்னாவோ'. அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தீமோத்தேயுவைப் பாராட்டவும் இதே வினைதான் வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை விசாரித்தல் என்கிறது. லூக்காவில் மார்த்தாளிடம் வரும்போது அது கவலை. சூழலுக்கேற்பப் பொருள் மாறும், மொழிபெயர்த்தவர்கள்மீது பழியில்லை. ஆனால் ஊழியனிடம் அக்கறையாகத் தெரிவது, பந்தி விசாரிக்கிறவளிடம் குறையாகத் தெரியும் பழக்கம் நம்முடையது.

முதலாம் சாமுவேலின் முதல் அதிகாரத்துக்கு வருவோம். அன்னாளுக்குப் பிள்ளையில்லை. ஆண்டுதோறும் சீலோவுக்குப் போகும்போதெல்லாம் பெனின்னாள் அவளைக் குத்திக் காட்டுகிறாள். கணவன் எல்க்கானா நல்லவன்தான். பத்துப் பிள்ளைகளுக்கு நான் ஈடில்லையா என்கிறான். பிரியமான கேள்வி, கேள்வியின் நடுவில் இருப்பது என்னவோ அவன். அன்னாள் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. ஆலயத்துக்குப் போய் அழுகிறாள். உதடு அசைகிறது, குரல் வெளிவரவில்லை. குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டுகிறார் ஆசாரியர் ஏலி.

இப்போது அவள் பேசுகிறாள். தமிழ் வேதாகமம் அவளுக்குத் தரும் சொல் 'மனக்கிலேசம்'. தன் நிலைக்குத் தானே பெயர் வைத்து, தன்னைக் கெட்டவளாக எண்ண வேண்டாம் என்று ஆசாரியரையே திருத்துகிறாள். ஜெபம் அவளை அடக்கிவிடவில்லை. மனதைக் கொட்டியவளுக்கு வாயும் வந்துவிட்டது.

தூக்கமற்று, நெஞ்சு படபடக்க வந்து நிற்கும் பெண்ணிடம் மாத்திரையை நிறுத்திவிட்டு இன்னும் ஜெபி என்று சொல்கிறவர்கள் ஏலியின் இருக்கையில் இருக்கிறார்கள். ஏலியாவது அவள் சொன்னதைக் கேட்டார், பேச்சை மாற்றிக்கொண்டு ஆசீர்வதித்து அனுப்பினார்.

பிரசங்கங்கள் இங்கிருந்து நேரே சாமுவேலின் பிறப்புக்குத் தாவும், கண்ணீருக்குக் கிடைத்த பரிசுபோல. பிள்ளையில்லாத எத்தனையோ பெண்கள் அதைக் கேட்டபடி பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாவுகிறவர்கள் 18ஆம் வசனத்தைத் தாண்டிவிடுகிறார்கள். கரு உண்டானது அதற்குப் பிறகுதான். அந்த வசனத்தில் அன்னாளின் கையில் பிள்ளை இல்லை, பெனின்னாளும் எங்கும் போய்விடவில்லை. முகவாட்டம் நீங்கி, அன்னாள் சாப்பிடுகிறாள்.