இசைவு என்னும் சொல்
‘சண்டக்கான் எட்டாம் விடுதி’ – ஒரு திறனாய்வு

பெண்களை அயல்நாட்டிற்குக் கொண்டுசென்று உடல் விற்கவைக்கும் கொடிய வாணிகத்தைப் பற்றி எழுதுவோருள் ஒரு சாரார் தொகை கூறுவர். மற்றொரு சாரார் துயர் கூறுவர். அவ்வாணிகம் எவ்வாறு நடைபெறுகிறது என்று காட்டுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜப்பானிய எழுத்தாளர் யாமசாகி தோமோகோ அம்மையார். 1972இல் அவர் வெளியிட்ட ‘சண்டக்கான் எட்டாம் விடுதி’ சபாவின் துறைமுக நகரைக் களமாகக் கொண்டது. ஆதலின் மலேசிய வாசகருக்கு அது அயலார் கதை அன்று.

ஜப்பானின் தென்பகுதியிலுள்ள அமாகுசாத் தீவுகளிலிருந்தும் சிமாபராவிலிருந்தும் ஏழைப் பெண்கள் பலர் முன்னாளில் சிங்கப்பூர், போர்னியோ முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். ‘கராயுகி’ எனப்பட்ட அப்பெண்களுள் ஒருவரே இந்நூலின் தலைவி ஒசாக்கி. பத்து வயதில் அவர் 300 யென்னுக்கு விற்கப்பட்டார். தந்தையை இழந்த குடும்பம். நிலமின்றி அண்ணன் தலைநிமிர வழியில்லை. அண்ணனுக்காகச் சிறுமி தானே ஒப்பினாள். செய்யப்போகும் தொழில் இன்னதென்பதை அவள் அறியாள்.

சண்டக்கானில் சில ஆண்டுகள் ஏவல் வேலை. பின்னர் விடுதித் தலைவன் கணக்கை நீட்டினான். 300 யென் 2,000 யென்னாக வளர்ந்திருந்தது. கப்பற் செலவும் உணவுச் செலவும் அவள் தலைமேலேயே எழுதப்பட்டிருந்தன. அவள் ஈட்டியதில் பாதி தலைவனுக்கு. கடனும் ஆடை ஒப்பனைச் செலவும் எஞ்சிய பாதியிலிருந்து. அவளைப் பிணிக்க விலங்கு வேண்டியதில்லை, கணக்கேடே போதும். இக்கணக்கை ஒசாக்கியின் எளிய பேச்சிலேயே விளங்கவைத்திருப்பது நூலின் தலையாய சிறப்பாகும். ஊர் திரும்பியவரை உறவே ஒதுக்கியதைக் கூறும் பகுதியும் நெஞ்சை உருக்குவது.

குறையும் இல்லாமலில்லை. 1968இல் நூலாசிரியர் அம்மூதாட்டியின் குடிசையில் ஏறத்தாழ மூன்று வாரம் தங்கினார். வந்த நோக்கத்தை மறைத்தே கதையைக் கேட்டார். பிரியும் வேளையில்தான் உண்மையை உரைத்தார். எதற்கு ஒப்புகிறோம் என்றறியாது ஒப்பிய பெண்ணிடம், எதற்குச் சொல்கிறோம் என்றறியாத நிலையில் கதை பெறுவது முறையாகுமா? மூதாட்டி பெருந்தன்மையுடன் பொறுத்தார். நூலாசிரியரும் நடந்ததை மறைக்காது எழுதியுள்ளார். ஆயினும் அவ்வினா நூலைவிட்டு நீங்கவில்லை.

ஐக்கிய நாடுகள் மன்றம் 2000இல் ஏற்ற ஆட்கடத்தல் உடன்பாடு, ஏமாற்றியும் அச்சுறுத்தியும் பெற்ற இசைவு செல்லாது என்கிறது. சிறார் வகையில் இசைவு பற்றிய பேச்சிற்கே இடமில்லை என்கிறது. மலேசியா 2007இலும் சிங்கப்பூர் 2014இலும் ஆட்கடத்தலுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றின. எனினும் 2021இல் 63 இலட்சம் பேர் கட்டாயப் பாலியல் தொழிலில் அகப்பட்டிருந்தனர் என்பது அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் ஐவரில் ஏறத்தாழ நால்வர் பெண்களும் சிறுமியருமாவர். வேலை தருவதாக அழைத்து, வந்த செலவைக் கடனாக்கிக் கட்டிவைக்கும் முறை இன்றும் ஒழியவில்லை.

“அவர்கள் விரும்பித்தானே போனார்கள்” என்று கூறுவோர் எங்கும் உளர். அவர்களுக்கு எண்களை அடுக்குவதால் மட்டும் பயனில்லை. ஒசாக்கியின் கணக்கேட்டைக் காட்டவேண்டும். உயர்வகுப்பு மாணவர்க்கு இசைவு என்னும் சொல்லின் பொருளை விளக்க விழையும் ஆசிரியர், முதலில் தாம் படிக்கத்தக்க நூல் இது.