கிட் கிட்டார்: வண்ணத்துக்கு முன் ஃப்ரெட்

எலெக்ட்ரிக் கிட்டாரை உதிரிபாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் பழக்கம் இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கு லியோ ஃபெண்டரின் வடிவமைப்பு பெரிய காரணம். 1950-ல் கலிஃபோர்னியாவிலிருந்து அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரில் நெக்கைப் பசை போட்டு ஒட்டவில்லை. நான்கு திருகுகளால் முடுக்கியிருந்தார். பழுதானால் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவங்களில் விற்கும் கிட்டுகள் எல்லாம் அந்தத் திருகுகளை நம்பித்தான் இருக்கின்றன. நெக்கை ஒட்ட வேண்டிய லெஸ் பால் வகைக் கிட்டுகள் வேறு ரகம். அவற்றில் நெக்கின் சாய்வுக் கோணம் கொஞ்சம் தப்பினாலும் திருத்துவது பெரும்பாடு. முதல் முயற்சிக்கு அவை வேண்டாம்.

இந்தப் பழக்கத்தின் உண்மையான பலம் மின்சுற்றில் இருக்கிறது. பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய ஒயர் சுவிட்சுக்குப் போகிறது, அங்கிருந்து வால்யூம் பாட்டுக்கு (பொட்டென்ஷியோமீட்டருக்கு), பிறகு ஜாக்குக்கு. டோன் பாட்டில் உள்ள சின்னக் கெப்பாசிட்டர் உச்ச அதிர்வெண்களைத் தரைக்கு வழித்துவிடுகிறது. சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பாட், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 என்ற வழக்கம் ஏன் வந்தது என்பது, இரண்டையும் மாற்றி மாட்டிக் கேட்டவருக்கு விளக்காமலே புரியும். ஒருமுறை தன் கையால் சாலிடர் வைத்தவர், பிறகு எந்தக் கிட்டாரில் கரகரப்பு வந்தாலும் மூடியைக் கழற்றத் தயங்க மாட்டார். அதனாலேயே, சாலிடரிங் தேவையில்லை என்று பிளக் வைத்துத் தரும் கிட்டுகள் எனக்கு உடன்பாடில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தையே அவை எடுத்துவிடுகின்றன.

குறை எங்கே இருக்கிறது? மலிவான கிட்டைப் பூட்டி முடிப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். ஆனால் அது வாசிக்கும் நிலையில் இருக்காது. வீணையில் மெழுகின்மேல் மெட்டுகளை வைத்து, காதால் கேட்டு நகர்த்தி மேளம் கட்டுகிறார்கள். கிட்டாரிலோ ஃப்ரெட்டுகளின் இடம் கணக்குப்படி அறுக்கப்பட்டு முடிந்துவிடுகிறது. நம் கைக்கு மிஞ்சுவது அவற்றின் உயரம் மட்டும். அந்த உயரத்தில்தான் மலிவுக் கிட்டுகள் கைவிடுகின்றன. நேரான சின்ன எஃகுத் துண்டை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டினால் டக் டக்கென்று ஆடும்: நடு ஃப்ரெட் மேடாக இருக்கிறது. எல்லா ஃப்ரெட்டுகளின் தலையிலும் மார்க்கர் மை பூசி, உப்புத்தாள் ஒட்டிய நேர்க்கட்டையைக் கழுத்து நெடுக இழுத்தால், மேடானவற்றில் மை அழியும், பள்ளமானவற்றில் அப்படியே நிற்கும். கடைசிப் பள்ளத்தில் மை அழியும்வரை தேய்த்து, தட்டையான தலைகளை வளைவு அரத்தால் மீண்டும் உருட்டி, மெருகேற்ற வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதைச் செய்யாமல் விட்டால் கம்பி எங்காவது ஒரு சுரத்தில் உரசிக்கொண்டே இருக்கும்.

நெக்கின் முனையில் கம்பிகள் உட்காரும் நட் பள்ளங்களும் அப்படித்தான். ஆழம் போதாவிட்டால், முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. ட்யூனரில் ஆறு கம்பிகளும் சரியாக நிற்கும். கார்டு பிடித்தால் அபஸ்வரம். ஃபெண்டர் அளவில் நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு 648 மி.மீ., பாதி வழியில் 12-ஆம் ஃப்ரெட். பிரிட்ஜ் துளைகள் தொழிற்சாலையிலேயே தள்ளிப் போடப்பட்டிருந்தால், சேடில் திருகுகளை எவ்வளவு முடுக்கியும் கணக்கு உட்காராது.

இவ்வளவு இருக்க, ‘கஸ்டமைஸ்’ என்ற பெயரில் உழைப்பு போகுமிடம் பெரும்பாலும் வண்ணம். வண்ணமும் எளிதல்ல. பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் திட்டாக நிற்கும். மழைக்கால ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். ஆனாலும் முன்னோடிகள் தொடங்கியது வேறு இடத்தில். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனின் கோடுபோட்ட கிட்டாரை உலகமே நகலெடுத்தது. அவர் செய்த முக்கியமான காரியமோ, கிப்சன் கிட்டாரின் ஹம்பக்கரை ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ உடலில் பிரிட்ஜ் அருகே பொருத்தியது. தேடிய ஒலி கடையில் கிடைக்கவில்லை, தானே செய்தார். 1963-ல் பிரையன் மே தன் தந்தையோடு பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மஹோகனி மரத்தை நெக்குக்கு எடுத்துக்கொண்டு கிட்டார் செய்யத் தொடங்கினார். குயீன் இசைக்குழுவின் ஒலியாகப் பின்னாளில் அறியப்பட்டது அதுதான். முதலில் தானே சுற்றிய பிக்கப்புகள் திருப்தி தராததால், பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை வாங்கி மாட்டினார். கடைப் பொருளை வாங்குவது இழுக்கல்ல. எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஃப்ரெட் சமமாகாத நெக்கில் விலையுயர்ந்த பிக்கப்பைப் பொருத்துவது வீண்செலவு.

புதிதாகக் கற்பவருக்கு ‘மலிவாக முடியும்’ என்று கிட்டைப் பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை. கம்பி உரசினால் குறை விரலிலா கருவியிலா என்று பிரித்தறிய அவருக்கு வழியில்லை. தன்னையே நொந்துகொண்டு வாசிப்பதை விட்டுவிடுவார். ஓரளவு வாசிக்கத் தெரிந்து, கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய விரும்புபவருக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை.

வாங்க நினைப்பவர்கள் கிட்டின் விலையோடு நேர்க்கட்டை, ஃப்ரெட் அரம், நட் அரங்கள், சாலிடரிங் அயர்ன் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை கட்டுப்படியாகாது என்றால் கிட்டை விடுங்கள். கைக்கு அடங்கும் விலையில், நெக் நேராக இருக்கும் பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, அதைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.