'தென்னாட்டு மீரா' என்னும் அடைமொழி

நம் நாட்டுப் புலவரைப் புகழப் புகுவார், அவர்தம் பாட்டினை ஆராயுமுன்னரே வேற்றிடத்துப் பெயரொன்றைத் தேடிச் சூட்டிவிடுகின்றனர். காளிதாசனை இந்தியாவின் ஷேக்ஸ்பியர் என்றார் சர் வில்லியம் ஜோன்ஸ், 1789-இல். சமுத்திரகுப்தனை இந்திய நெப்போலியன் என்றார் வின்சென்ட் ஸ்மித். இவர்களை யாம் குறைகூறோம். காளிதாசன் பெயரையே கேட்டிராத ஆங்கிலேயர்க்கு எழுதிய ஜோன்சுக்கு, அவர்கள் அறிந்த பெயரொன்று வேண்டியிருந்தது. காளிதாசனை அறிந்தோரும் அதனையே தமக்குள் சொல்லி மகிழ்வதுதான் வியப்பு. ஆங்கிலேயர் 1947-இல் சென்றனர், இவ்வழக்கம் செல்லவில்லை. சில வேளை இலண்டனுக்கு மாற்றாக வடநாடு வருகின்றது, அவ்வளவே.

திருவில்லிபுத்தூர் ஆண்டாளைத் 'தென்னாட்டு மீரா' என்பார் உளர். ஆண்டாள் காலம் 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு என்பர். மீரா 16-ஆம் நூற்றாண்டினர். கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) ஆண்டாள் வரலாற்றை 'ஆமுக்தமால்யதா' எனத் தெலுங்கில் பாடிய காலத்து மீரா இளம்பருவத்தினரே. பேர்த்திக்குப் பாட்டியின் பெயரிடுதல் தமிழ் வழக்கு. பாட்டிக்குப் பேர்த்தியின் பெயரிடுதல் எவ்வூர் வழக்கோ!

காலமுரண் சிறு குற்றமே. பெருங்குற்றம், பாட்டு மறைந்துபோதல். மீராவின் பாடல்களில் பெரும்பாலும் தனியொருத்தியின் குரல் கேட்கின்றது. திருப்பாவை முப்பதும் ஆயர் சிறுமியர் ஒருங்குகூடிப் பாடுவன. நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களிலோ காமனைத் தொழுதலும், சங்கை வினவுதலும், மேகத்தைத் தூதுவிடுதலும் அகத்திணை மரபின் வழிவந்தவை. குயிலை வேண்டும் பதிகத்திலேயே வில்லிபுத்தூர் பெயர் சுட்டப்படுகின்றது. இவற்றை உணரச் செண்பகத்தோப்பு மலைச்சாரல் உதவும், மேவார் உதவாது.

ஒப்பீடே கூடாதென்பது எம் கருத்தன்று. வ. வே. சு. ஐயர் கம்பனை ஹோமரோடும் மில்ட்டனோடும் ஒப்பிட்டார். ஆனால் பகுதிக்குப் பகுதி நிறுத்துப் பார்த்தார், கம்பனே விஞ்சுவதாகவும் துணிந்தார். புதுமைப்பித்தன் மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்றபோது, தமிழ் கற்றார்க்கு மௌனியின் செறிவும் அருமையும் ஒருங்கே விளங்கின. 'தென்னாட்டு மீரா' என்பதில் இத்தகைய நிறுத்தலும் இல்லை, விளக்கமும் இல்லை.

முன்னோர் ஆண்டாளைப் புகழ்ந்த முறை வேறு. பெரியவாச்சான்பிள்ளை சொல்தோறும் உரை கண்டார். திருமாலிருஞ்சோலை அழகர்க்கு நூறு தடா வெண்ணெயும் அக்கார அடிசிலும் நேர்ந்ததாக ஆண்டாள் பாடினார். பின்வந்த இராமாநுசர் அந்நேர்த்தியைத் தாமே செலுத்தி வில்லிபுத்தூர் வந்தாரென்றும், ஆண்டாள் அவரை அண்ணனாக ஏற்றாரென்றும் வைணவ மரபு கூறும். 'கோயில் அண்ணன்' என்னும் பெயர் அவர்க்கு அவ்வாறு வந்தது.