மல்லிகை வைக்கிறவளின் பெயர்

ராஜா ரவி வர்மா என்றாலே நம்ம வீடுகளில் சாமி படம்தான் ஞாபகத்துக்கு வரும். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களின் சாயல் இன்றும் தஞ்சோங் மாலிம் பக்கத்துச் சாமி மேடைகளில் இருக்கிறது. அந்த லட்சுமிக்கெல்லாம் மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள்.

1873. ரவி வர்மாவுக்கு 25 வயது. ஒரு பெண் கண்ணாடி முன்னால் இரண்டு கைகளையும் உயர்த்தி, கூந்தலில் மல்லிகைச் சரம் வைக்கிறாள். இந்த எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு மதராஸ் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியிலும் பரிசு.

படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவளுடைய கவனம். அவள் நம்மைப் பார்க்கவில்லை. சரம் சரியாக நிற்குதா என்பதுதான் அவள் கவலை. பூ வைக்கும்போது யாருடைய முகத்தையாவது கவனித்துப் பாருங்கள், அந்த நிமிஷம் அது பிறருக்கான முகமாக இருக்காது. ஐரோப்பிய உருவப்படங்களில் பெண்ணின் கையில் ஒரு பூவைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். இங்கே பூ அவள் கைக்கு ஒரு வேலை கொடுக்கிறது.

ஆனால் தலைப்பு 'கூந்தலை அலங்கரிக்கும் நாயர் பெண்'. சாதி இருக்கு, பெயர் இல்லை. ரவி வர்மா வரைந்த மகாராஜாக்களுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. அது மனிதர்களைச் சாதிவாரியாகப் படம் பிடித்து அடுக்கிய காலம். 'இந்திய மக்கள்' என்ற எட்டுத் தொகுதிப் புகைப்பட நூல் 1868 முதல் 1875 வரை வெளிவந்தது. இவளையும் அந்த வரிசையில் ஒரு மாதிரியாகத்தான் தலைப்பு நிறுத்துகிறது.

அவள் உடுத்தியிருக்கும் வெள்ளைத் துணிக்கும் ஒரு கதை உண்டு. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல்தான் அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை. படத்துக்கும் அதற்கும் 14 வருஷம்தான் இடைவெளி. துணி மடிப்பை வெறும் தூரிகைத் திறமையாக மட்டும் ரசிக்க என்னால் முடியவில்லை.

மலாயாவிலும் இதே நிலைதான். அந்தக் கால ஸ்டூடியோக்கள் விற்ற அஞ்சலட்டைகளில் நம்ம பெண்களுக்கு 'கிளிங் பெண்', 'தமிழ்ப் பெண்' என்றுதான் பெயர். நான் பார்த்த அட்டைகளில் அவர்கள் நகையோடு காமிராவுக்கு முன் விறைத்து நிற்கிறார்கள். நாயர் பெண்ணுக்குக் கிடைத்த அந்தத் தனி நிமிஷம்கூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ரவி வர்மாவைக் காலண்டர் ஓவியர் என்று ஒதுக்குவது சுலபம், மேதை என்று கும்பிடுவதும் சுலபம். இந்தப் படத்தில் அவர் ஒரு பெண்ணின் தனிமையை அவ்வளவு அக்கறையாகக் கவனித்திருக்கிறார். அவள் பெயர் மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை. இரண்டையும் சேர்த்தே படத்தைப் பாருங்கள். வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால், பாட்டியின் படத்துக்குப் பின்னால் அவர் பெயரை எழுதி வையுங்கள்.