குடும்பக் கணக்கும் அரசன் கணக்கும்

ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்னும் வினாவுக்கு மிகப் பழையதும் மிக மலிவானதுமான விடையொன்று உண்டு. அவனுக்குச் செலவு செய்யத் தெரியாது என்பதே அவ்விடை. காலத்துக்குக் காலம் அது உடை மாற்றிக்கொண்டு வருகிறது. மனையியற் பாடத்திலே அது சிக்கனம். மேடையிலே அது சேமிப்பு. கடன் கொடுப்போர் கிராமத்துப் பெண்களைக் கூட்டிவைத்து நடத்தும் வகுப்பிலே அதன் பெயர் நிதி அறிவு. பெயர் எதுவாயினும் உபதேசம் ஒன்றே. ஒரு கொப்பி வாங்குக. இடப்பக்கம் வரவையும் வலப்பக்கம் செலவையும் எழுதுக. மாத முடிவிலே இரண்டையும் ஒப்பிட்டு, மிஞ்சுவதைச் சேமிப்பில் இடுக.

கணக்கு எழுதுதல் தீது என்று நாம் சொல்ல வரவில்லை. கணக்கில்லாத வீடும் உருப்பட்டதில்லை, நாடும் உருப்பட்டதில்லை. எமது வினா வேறு. அந்தக் கொப்பியை வரைந்தவர் யார்? எவருடைய வாழ்க்கையை மனத்திற்கொண்டு வரைந்தார்? இறுதி வரியிலே துண்டு விழும்போது குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவர் யார்? மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வோம்.

முதலில், இவ்வுபதேசம் சான்றுக்கு அழைக்கும் இலக்கியங்களைப் பார்ப்போம். வருவாய் வரும் வழி ஒடுங்கியதாயினும், செலவு போகும் வழி அதனினும் விரியாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்துடைய குறளை அறியாத மாணவர் இலர். சிக்கனம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பெரும்பாலோர் அதிலிருந்தே தொடங்குவர். ஆனால், அக்குறள் நூலில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் அரியர். அறத்துப்பாலில், இல்வாழ்க்கை அதிகாரத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. பொருட்பாலில், 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலில், 478ஆம் குறளாக அது நிற்கிறது. பகைமேற் செல்லக் கருதும் அரசன் தன் வலியையும் மாற்றான் வலியையும் இருபக்கத்துத் துணைவரின் வலியையும் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று தொடங்குவது அவ்வதிகாரம். பொருளும் அவ்வலிகளுள் ஒன்றாதலின் ஈற்று நான்கு குறள்களும் அதனைப் பேசுகின்றன. அஃதாவது, வள்ளுவர் கணக்குக் கேட்டது அரசனிடம். பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது, வந்ததைச் சேர்ப்பது, சேர்த்ததைப் பேணுவது, பேணியதைப் பங்கிடுவது ஆகிய நான்கு தொழில்களையும் இறைமாட்சி அதிகாரத்தில் அரசுக்கே அவர் விதித்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இல்லாளிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லையா? கேட்டார். வாழ்க்கைத் துணைநலத்தின் முதற் குறள், கொண்டவனின் வளத்துக்குத் தக்கவாறு வாழ்பவளையே துணை என்கிறது. ஆயினும் அங்கே வளம் என்று ஒன்று முன்னிருக்கிறது. ஔவையார் பெயரால் வழங்கும் நல்வழியும் அவ்வாறே. கையிலுள்ள முதலுக்கு மேற் செலவு செய்பவன் மானமிழந்து, காண்போர்க்கெல்லாம் கள்ளனாகத் தோன்றுவான் என்று அது எச்சரிக்கிறது. முதல் உள்ளவனுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. முதலே இல்லாதவளிடம் அதனை ஓதும்போது அறிவுரை உதிர்ந்துபோய் அவமானம் மட்டும் எஞ்சுகிறது. அரசனுக்கு உரிய குறளை அடுக்களைக்கு இறக்கி, அரசனைக் கணக்கிலிருந்து விடுவித்துவிட்ட வாசிப்பு ஒன்று தமிழுலகில் நெடுங்காலம் நிலவி வருகிறது. அவ்வாசிப்பின் விளைவை ஏட்டில் மட்டுமன்றி ஊரிலும் காணலாம்.

எனவே வாவிக்கரைக்கு வருவோம். வடக்கே ஏறாவூர்ப் புறத்திலிருந்து தெற்கே கல்முனைப் புறம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் சேர்ந்தது படுவான்கரை. கொப்பி 'மாதம்' என்று தொடங்குகிறது. படுவான்கரை வயலுக்கு மாதம் தெரியாது, போகம் தெரியும். பெரும்போகத்துக்குப் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கும் குடும்பத்துக்கு இடைப்பட்ட மாதங்கள் யாவும் செலவு மாதங்களே. விதைநெல், உழவு, பசளை, வீட்டுச் சோறு ஆகிய அனைத்தும் கடனாக வந்து, அறுவடையன்று நெல்லாகத் திரும்பிப் போகின்றன. நெல் மலிந்து விலை விழும் நாளிலேயே விற்றாக வேண்டும். கடன் கொடுத்தவர் அதுவரைதான் பொறுப்பார்.

வாவியில் வலை வீசும் குடும்பத்துக்கோ மாதமும் இல்லை, போகமும் இல்லை. நாள் ஒன்றே உண்டு. மாரியிலே வெள்ளம் பெருகி முகத்துவாரம் திறக்கும்போது மீனும் இறாலும் இடம் மாறுகின்றன. ஒரு நாள் தோணி நிறையும். மூன்று நாள் வலை மட்டும் நனையும். கூலிக்குப் போகும் பெண்ணுக்குக் களை பிடுங்கும் நாளும் உண்டு, வேலையற்ற வாரமும் உண்டு. அறுவடை இயந்திரங்கள் வந்தபின் அரிவுவெட்டுக் கூலியும் அருகிவிட்டது.

அப்படியாயின் மாதம் எவருடையது? ஆசிரியர், எழுதுவினைஞர், அலுவலர் ஆகிய எம் போன்றோருடையது. மாதச் சம்பளம் பெறுவோரின் கொப்பியே குடும்பக் கணக்கு என்று எல்லார்க்கும் விதிக்கப்படுகிறது. நாள் வரவையும் போக வரவையும் அதனுள் திணிக்க முயன்று தோற்கும் பெண், கணக்குத் தெரியாதவள் என்று பெயர் வாங்குகிறாள். உண்மையிலோ, பல காலக் கணக்குகளை ஒருங்கே மனத்தில் வைத்து, அரிசிப் பானையில் ஒரு பிடியை மீதம் வைத்து, சீட்டுக்கு ஒரு பங்கை ஒதுக்கி வாழ்பவள் அவளே.

கொப்பியிலே இடமில்லாத செலவுகளும் உள. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பதும், மணமான பின் மருமகன் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் இப்பிரதேசத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமை. பெண் பிறந்த நாள் முதல் பெற்றோர் அவ்வீட்டுக்குக் கல் சேர்க்கத் தொடங்குகின்றனர். மாதக் கணக்கின் கண்ணுக்கு இது வீண் ஆடம்பரம். பெற்றோருக்கோ மகளின் வாழ்வும் தம் முதுமையும் அச்சுவர்களிலேதான் தங்கியிருக்கின்றன. ஓய்வூதியம் உள்ளவர், ஓய்வூதியம் இல்லாதவரின் முதுமைக்காப்பை ஆடம்பரம் என்று சொல்வது அழகன்று.

நாளும் போகமும் போதாதென்று வாரம் என்னும் காலக்கணக்கும் இவ்வீடுகளுக்குள் நுழைந்தது. 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் சிறுகடன் நிறுவனங்கள் பெருகின. பெண்களைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றொருத்தியைப் பிணையாக்கி, வாரந்தோறும் தவணை அறவிடுவது அவற்றின் பொதுவான முறை. வரவு வருவது போகத்தில். அறவீடு நடப்பது வாரத்தில். இந்த இடைவெளியை நிரப்ப இன்னொரு கடன். அதனை அடைக்க மற்றொன்று. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்த பின்னரும் நிலை சீராகவில்லை. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை ஏறியதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், வறட்சியால் தாக்குண்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத, தவணை தவறிய கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. அப்பெண்களின் கொப்பியிலே குற்றமிருந்தால் அரசு ஏன் தள்ளுபடி செய்யவேண்டும்? மயிலிறகே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையும் அதே வலியறிதலில்தான் உள்ளது. வாரத்தவணை ஒவ்வொன்றும் மயிலிறகு போல இலேசாகத்தான் தோன்றும். ஏற்றியவரை விட்டுவிட்டு அச்சைக் கடிவது நீதியன்று.

அடுத்து, அரசனின் கணக்கைப் பார்ப்போம். 2019 டிசம்பரில் பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நாட்டின் வரவு சுருங்கியது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். முந்திய ஆண்டு செப்டெம்பரில் 10,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு அம்மாதத்தில் ஏறத்தாழ 19,500 ரூபா கொடுக்கவேண்டியிருந்தது. ஒரு சதமும் வீணாக்காது, வரிக்கு வரி கணக்கெழுதி வந்த பெண்ணின் கொப்பியும் அம்மாதத்தில் துண்டு விழுந்தே தீரும். வலியறியாது செலவு செய்தவர் அவள் அல்லள். 2024 ஜனவரி முதல் நாளன்று அதே வரி 18 சதவீதமாக உயர்ந்தபோது, அரசன் கைவிட்ட வரவையும் வாங்கும் பொருளின் விலையோடு சேர்த்து அவளே கட்டினாள்.

சராசரி என்னும் சொல்லும் இங்கே எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு அளவீட்டின்படி குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவிலுள்ளதைப் பார்த்தால் அது 53,333 ரூபாவே. பாதிக் குடும்பங்கள் அத்தொகைக்குக் கீழே நிற்கின்றன. சராசரியை வைத்து எழுதிய மாதிரிக் கணக்கு அவர்களுடைய வீட்டுக்கு எவ்வாறு பொருந்தும்?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். உழைப்பவன் குடிக்கவில்லையா? திருவிழாவிலும் சடங்கிலும் கைமீறிச் செலவிடவில்லையா? மறைக்க வேண்டியதில்லை; குடியினால் அழிந்த வீடுகள் இரு கரைகளிலும் உண்டு. அவ்வீடுகளிலே பெண் எழுதும் கணக்கு அவளுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சியமாகவும் இருக்கலாம். ஆனால் இவ்விரு வறுமைகளையும் பிரித்தறியும் வழியை வரலாறு முன்னரே காட்டியுள்ளது. இங்கிலாந்தின் யோர்க் நகரை ஆராய்ந்து 1901இல் நூல் வெளியிட்ட சீபோம் றவுன்ட்றீ, முழு வருமானத்தையும் பழுதின்றிச் செலவிட்டாலும் உடலைப் பேணப் போதாத நிலையை முதல்நிலை வறுமை என்றும், போதிய வருமானம் வேறு வழிகளிற் கரைவதை இரண்டாம்நிலை வறுமை என்றும் பிரித்தார். நகர மக்களுள் 9.91 சதவீதத்தினர் முதல் வகையிலே இருந்தனர். அவர்களைப் பார்த்துச் சிக்கனம் பேசுவோர் வாயடைத்துப் போயினர்.

இன்னும் சிறந்த சான்று இலண்டனின் லம்பெத் பகுதியிலிருந்து கிடைக்கிறது. 1909 முதல் நான்கு ஆண்டுகள், ஃபேபியன் மாதர் குழுவினர் அங்குள்ள தொழிலாளர் வீடுகளுக்குச் சென்று, வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுணில் குடும்பம் நடத்திய தாய்மாரைக் கணக்கெழுதச் செய்தனர். எழுதத் தெரியாதவர்களுக்குக் கணவரும் பிள்ளைகளும் எழுதிக் கொடுத்தனர். அக்கணக்குகளை மோட் பெம்பர் றீவ்ஸ் 1913இல் நூலாக்கினார். சில்லறையாக வாங்குவதால் ஏழை, நிலக்கரிக்குக்கூடச் செல்வனைவிடக் கூடிய விலை கொடுப்பதை அது காட்டிற்று. பிள்ளை இறந்தால் புதைப்பதற்கென்று, உயிரோடிருக்கும் பிள்ளைகளின் உணவிலிருந்து காப்புறுதிப் பணம் பிரிவதையும் காட்டிற்று. தாய்மார் திறமையற்றவர் என்னும் வாதம் அவர்களுடைய கணக்குகளாலேயே முறியடிக்கப்பட்டது. எங்கள் கடைகளிலே ஒருவேளைக்குரிய சீனியையும் தேயிலையையும் சிறு பைக்கற்றுகளாக வாங்குவோரின் கணக்கை எழுதினால் வெளிப்படும் உண்மை இதனின்று பெரிதும் வேறுபடாது.

ஆகவே கொப்பியை எறிந்துவிடுக என்பது எம் முடிவு அன்று. கொப்பி எவரை நோக்கிப் பேசுகிறது என்பதை மாற்றுக என்பதே. இன்று அது பெண்ணைப் பார்த்து, நீ ஏன் மிச்சம் பிடிக்கவில்லை என்று கேட்கிறது. வருமானம் ஏன் இவ்வளவு, வட்டி ஏன் இவ்வளவு, விலையை ஏற்றியவர் யார் என்று பெண் அதன் வழியே கேட்கவேண்டும். ஒரு வீட்டுக் கணக்கு முறைப்பாடு. நூறு வீட்டுக் கணக்கு சாட்சியம். கூட்டுறவுச் சங்கமும் மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் அதனை ஏந்திச் சென்றால், மேசைக்கு அப்பாலிருப்பவர் புள்ளிவிபரம் இல்லை என்று தட்டிக்கழிக்க இயலாது. தவணைகள் அறுவடைக்கு ஏற்ப அமையவேண்டும் என்னும் எளிய கோரிக்கையைக்கூட அத்தகைய கணக்கின் துணையின்றி வெல்ல முடியாது.

இதிலே தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் தனிப்பங்கு உண்டு. இலங்கையில் வரவு செலவுத் திட்டத்தைப் பாதீடு என்ற சொல்லாலும் வழங்குகிறோம். தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்று அது. கவர்ந்து வந்த ஆநிரையை, உடன் சென்று உழைத்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தலைக் குறிப்பது. கவர்தலை நாம் போற்றவேண்டியதில்லை. ஆயினும் துயரைச் சுமந்தவனுக்குப் பங்கு உண்டு என்னும் பொருள் அச்சொல்லின் உள்ளே இருக்கிறது. 478ஆம் குறளை வகுப்பிலே நடத்தும் நாளில் அதன் அதிகாரத்தையும் சேர்த்து நடத்துவோம். இக்கணக்கை வள்ளுவர் எவரிடம் கேட்டார் என்று மாணவரைக் கேட்போம். படுவான்கரைப் பிள்ளையொன்று அவ்வினாவை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயிடம் சொல்லுமாயின், அத்தாய் தன் கொப்பியிலே விழுந்த துண்டைத் தன் குற்றமென்று எண்ணி நாணுவது அன்றோடு நிற்கட்டும்.